வெட்டப் போகும் டொக்டரைப் பற்றித் தேடிப் பார்த்தீர்களா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மாங்குளத்திலிருந்து:

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். இரவில் நோவு வந்தால் விடியும் வரைக்கும் சுவரைப் பிடித்தபடி நிற்பா. அரச ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப் போனதால் ஒரு தனியார் நிலையத்தில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி டொக்டரைப் பார்க்க நேரம் எடுத்தோம். அடுத்த கிழமையே வெட்டலாம் என்றார்கள். பலகையில் டொக்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு வரி நிறைய ஆங்கில எழுத்துகள். அவற்றில் எது என்ன என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கேட்போம் என்றேன். "கடவுளுக்கு அடுத்தது டொக்டர், பேசாமல் இரு" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் மருந்தே இல்லாத இடத்தில் எங்கள் சனத்தைக் காப்பாற்றியவர்களை நேரில் கண்டவர் அவர்.

அன்றிரவு மருந்துத் துண்டை எடுத்துப் பார்த்தேன். கீழே சீல் குத்தியிருந்தது. பெயர், பட்டம், அதற்குக் கீழே இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கம். ஊதா மை பரவிக் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தும் பிடிபடவில்லை. சரி, பெயரைப் போட்டே தேடுவோம் என்று சபையின் இணையத்தளத்துக்குப் போனேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தது. கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் யோசித்தேன், எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோமே. ஒரு எச் கூடும், ஒரு ஏ குறையும், முதலெழுத்து முன்னே வரும், பின்னே போகும். பெண் டொக்டர் என்றால் கலியாணத்துக்கு முந்திய பெயரிலும் பதிவு இருக்கலாம். பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைப் போட்டேன். மூன்று போட்டால் வேறு யாரோ. எட்டுப் போட்டால் அவர்தான்.

ஆனால் அது அவர் பதிவு பெற்ற டொக்டர் என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. சத்திரசிகிச்சை நிபுணரா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கத் தொலைபேசி எடுத்தால், "சேர் பெரிய ஆள், பயப்பட வேண்டாம்" என்று அந்த நிலையத்துப் பிள்ளை வைத்துவிட்டது. கடைசியில் அடுத்த சனலில் டொக்டரிடமே கேட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டொக்டர் கோபிக்கவில்லை. எங்கே படித்தார், எப்போது நிபுணராக உறுதிப்படுத்தப்பட்டார், பகலில் எந்த ஆஸ்பத்திரியில் வேலை என்று வரிசையாகச் சொன்னார். பிறகு அம்மாவின் கொப்பியைப் புரட்டிவிட்டு, "உங்களுக்குச் சீனியும் பிரசரும் இருக்கிறது. இங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. யாழ்ப்பாணத்தில் செய்வோம்" என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்குமா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அம்மா இப்போது சுகம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து:

தங்கச்சி, நான் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. நீங்கள் கேட்டது நூறு வீதம் சரி. அந்த எழுத்துகளைப் பற்றிச் சொல்கிறேன். எம்பிபிஎஸ் டொக்டர்களின் அடிப்படைப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம்தான் இங்கே நிபுணர்களை உருவாக்குகிறது. சத்திரசிகிச்சையில் எம்டி பரீட்சை, முன்பு எம்எஸ் என்பார்கள், அதைப் பாஸ் பண்ணிய பிறகும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி முடித்தால்தான் நிபுணராக உறுதிப்படுத்துவார்கள். எம்ஆர்சிஎஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது பிரித்தானியாவில் ஆரம்பப் படி. எஃப்ஆர்சிஎஸ் அதற்கு மேலே.

இன்னொன்று. பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரின் பொறுப்பில் சிரேஷ்ட பதிவாளரும், அதாவது நிபுணராகப் பயிற்சி பெறும் டொக்டரும், வெட்டுவார். அது பிழையில்லை, அப்படித்தான் நிபுணர்கள் உருவாகிறார்கள். ஆனால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன் "யார் வெட்டுவார், யார் மயக்குவார்?" என்று இரண்டையும் கேளுங்கள். மயக்க மருந்து டொக்டரை நோயாளிகள் மறந்தே போகிறார்கள். அவரும் ஒரு நிபுணர்தான், சீனியும் பிரசரும் உள்ளவருக்கு அவரும் அதேயளவு முக்கியம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

தங்கச்சி சொன்ன அப்பாவின் பக்கம் நின்று ஒரு சொல். 2009இல் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில்தான் எனக்கு இடது கால் போனது. என் பக்கத்தில் பாயில் கிடந்த பிள்ளைக்கும் அதே மேசைதான். அன்றைக்கு எங்களைத் தொட்ட டொக்டரிடம் அத்தாட்சி கேட்க யாருக்கு மனம் வரும்? அவரை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும்.

ஆனால் பிறகு என்ன நடந்தது தெரியுமா? சில வருசத்துக்குப் பிறகு தொடையில் இருக்கும் ஷெல் துண்டை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர் என்றார்கள். அதே நன்றியோடு இவரையும் கும்பிட்டேன். மூத்த மகள்தான் பதிவு இலக்கம் கேட்டாள். "பிறகு தருகிறேன்" என்று இரண்டு முறை சொன்னார், மூன்றாம் முறை ஆளைக் காணவில்லை. துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று பின்னர் நிபுணரே சொன்னார்.

கிளிநொச்சியிலிருந்து:

லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு முழங்கால் மாற்றுச் சிகிச்சை. டொக்டரின் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மம்மா, "ஐயோ, அவர் டொக்டரே இல்லையாம்" என்று அழுதுவிட்டா. அங்கே சத்திரசிகிச்சை நிபுணர்களை அப்படித்தான் அழைப்பார்கள், பழைய வழக்கம். அந்நாட்டுப் பொது மருத்துவ சபையின் பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். நிபுணர் பதிவேட்டில் இருக்கிறாரா என்பதும் அதிலேயே தெரியும். அம்மம்மாவுக்குப் போனில் காட்டினேன். பெயரை விரலால் தொட்டுப் பார்த்தா.

மாங்குளத்திலிருந்து:

அக்கா, மிக்க நன்றி. மயக்க மருந்து டொக்டரைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது: பெரியம்மா சத்திரசிகிச்சைக்குத் திருச்சிக்குப் போகப் போகிறா. அங்கே டொக்டரின் பதிவை எங்கே பார்ப்பது?

வவுனியாவிலிருந்து:

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேடு இருக்கிறது. எம்எஸ் என்றால் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணராகவும் இருக்கலாம், எலும்பு நிபுணராகவும் இருக்கலாம், எந்தத் துறை என்று பாருங்கள். எம்சிஎச் அதற்கு மேற்படிப்பு. ஆனால் அதற்கு முன், திரும்பி வந்த பிறகு தையல் வெட்டவும் காயம் பார்க்கவும் இங்கே யார் பொறுப்பெடுப்பார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்கான் சீடியையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள், அவர்களிடம் விட்டுவிட்டு வர வேண்டாம்.