பேட்டரியே இல்லாமல் ஏழு வருடம் ஒட்டுக்கேட்ட கருவி, எப்படி?

ரேடியோபித்தன்:
1945 ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசாகக் கொடுக்க, அவரும் வீட்டுப் படிப்பறையில் மாட்டிவிட்டார், உள்ளே மைக் இருந்தது 1952 வரை யாருக்கும் தெரியவில்லை. வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. அப்புறம் கரன்ட் எங்கிருந்து வந்தது? எதிரி கொடுத்ததை அப்படியே சுவரில் மாட்டுகிற அளவுக்கா அசட்டையாக இருந்தார்கள்?

தாமிரக்கம்பி:
வெளியிலிருந்துதான், ரேடியோ அலையாக. உள்ளே ஒரு சின்ன உலோகக் கிண்ணம், அதன் வாயில் மெல்லிய உலோகச் சவ்வு, கூடவே ஒரு சாண் நீள ஆன்டெனா, அவ்வளவுதான் சமாச்சாரம். முத்திரையில் செதுக்கிய கழுகின் அலகுக்குக் கீழே போட்ட துளைகள் வழியாகப் பேச்சு போய்ச் சவ்வை அதிரவைக்கும். வெளியே இருந்து சரியான அலைவரிசையில் அலையைப் பாய்ச்சினால் திரும்பி வரும் அலையில் அந்த அதிர்வும் ஏறியிருக்கும். அலையை நிறுத்திவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு, எப்படிச் சல்லடை போட்டுத் தேடினாலும் சிக்காது. செய்தவர் லியோன் தெரெமின், கையால் தொடாமலே வாசிக்கிற தெரெமின் இசைக்கருவியைக் கண்டுபிடித்த அதே ஆள். ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி, கைதி விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

பழையபேப்பர்:
அப்போது எதிரி எங்கே? இரண்டு நாடும் சேர்ந்து ஜெர்மனியைத் தோற்கடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இதைப் பிடித்த விதம்தான் பிடிக்கும். 1952ல் தூதர் ஜார்ஜ் கென்னன். யாராவது பேசினால்தானே எதிராளி கருவியை முடுக்குவான்? அதனால் மனுஷர் படிப்பறையில் உட்கார்ந்து ஒரு பழைய கடிதத்தை ஏதோ ரகசிய அறிக்கை மாதிரி சத்தமாகச் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுத, டெக்னீஷியன்கள் சிக்னலைத் துரத்திக்கொண்டே முத்திரைக்கு வந்து சேர்ந்தார்கள். உடனே கூச்சல் போடவில்லை. 1960 மே மாதம் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் சுடப்பட்டு, சோவியத் ஐ.நா.வில் பிடிபிடியென்று பிடித்தபோதுதான் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி லாட்ஜ் அந்த முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

குறுக்குவெட்டு:
இதே மாஸ்கோ தூதரகத்தில் 1984ல் அகப்பட்டது இதைவிட மோசம். ஐபிஎம் செலெக்ட்ரிக் டைப்ரைட்டர்களை அமெரிக்காவுக்கே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்ததில், அடியில் இருந்த உலோகப் பட்டைக்குள்ளேயே கருவி ஒளித்திருந்தது தெரிந்தது. எழுத்தெல்லாம் பொறித்த உருண்டை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காந்தப்புலத்தை வைத்துப் பிடித்து, அடித்த எழுத்தை ரேடியோவில் அனுப்பிவிடும். லெனின்கிராடு துணைத் தூதரகத்தில் இருந்ததையும் சேர்த்து மொத்தம் 16 மெஷின். வாயே திறக்காமல் டைப் அடித்தாலும் தப்பவில்லை.

ரேடியோபித்தன்:
துளை அலகுக்குக் கீழேயா! படத்தில் நெஞ்சுக் கேடயத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.