'டேவிட் அண்ட் பாத்ஷீபா' (1951): தமிழ் வசன வரிகளுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹென்றி கிங் இயக்கத்தில் கிரிகோரி பெக்கும் சூசன் ஹேவர்டும் நடித்து 1951இல் வெளிவந்த இப்படத்தை எங்கள் சபை முதியோருக்குத் திரையிட விரும்பி, தமிழ் வசன வரிகளை நானே எழுதி வருகிறேன். வேதாகமத்தின் இரண்டாம் சாமுவேல் நூலின் 11, 12ஆம் அதிகாரங்களைத் தழுவிய கதை என்பதால், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் சொல்லி நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனை மடக்கும் இடத்துக்கு, "நீயே அந்த மனுஷன்" என்ற வேதாகமச் சொற்களே கைகொடுத்தன. வேதத்தில் இல்லாத அரண்மனை உரையாடல்கள்தான் சிக்கல். தாவீதும் பத்சேபாளும் தனிமையில் பேசுவதை வேதாகமத் தமிழில் எழுதினால் பிரசங்கம் போல ஒலிக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதினாலோ அரசனின் மிடுக்கு போய்விடுகிறது. (தாவீதின் முதல் மனைவி மீகாளின் குத்தல் பேச்சு மட்டும், ஏனோ, பேச்சுத் தமிழில் அருமையாகப் பொருந்துகிறது.)

இத்தகைய மொழிபெயர்ப்பில் பழக்கமுள்ளவர்கள் எந்த நடையைக் கையாண்டீர்கள் என்று தெரிவித்து, நான் அனுப்பும் பத்து வரிகளைத் திருத்தித் தர இயலுமா? மேலும், என்னிடமுள்ள ஆங்கில வசனக் கோப்பு படத்தைவிட நான்கு விநாடி பிந்தி ஓடுகிறது. அதை மொத்தமாக முன்னகர்த்தும் எளிய வழியையும் கூறினால் நன்றியுடையவனாவேன்.