சுஷி பேக்: சாதத்தையும் ஓவனில் வைக்கணுமா, மேல் கலவை மட்டும் போதுமா?

மேல்தணல்:
சுஷியைச் சுருட்டாமல் டிரேயில் அடுக்கி ஓவனில் சுடுவதுதான் சுஷி பேக்; அதன் செய்முறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. டிரேயில் வினிகர் சாதத்தைப் பரப்பு, ஃபுரிகாகே (எள்ளும் கடற்பாசியும் கலந்த தூவல் பொடி) தூவு, கிராப் ஸ்டிக்கும் (நண்டுச் சுவையூட்டிய மீன் விழுதுக் குச்சி) மயோனைஸும் கலந்து மேலே பூசு, 200 டிகிரியில் 15 நிமிடம் வை. இதில் சாதத்துக்கு ஓவனில் என்ன வேலை? அது ஏற்கெனவே வெந்தது. மறுபடி சூடேற்றினால் டிரே ஓரத்தில் இருப்பது காய்ந்து பல்லில் நறநறக்கும். மயோனைஸ் பிரிந்து எண்ணெய் கீழே இறங்கும். வினிகர் வாசனையில் பாதி ஓவன் கதவைத் திறக்கும்போதே வெளியே போய்விடும்.

நான் சொல்லும் முறை: கலவையைத் தனி உலோக டிரேயில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் ஹீட்டரை மட்டும் முழுச் சூட்டில் வைத்து 5, 6 நிமிடம். மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்துவிடலாம். சாதம் வெளியே ஈரத்துணிக்கு அடியில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். பரிமாறும்போது கலவையை வழித்து அதன் மேல் போட்டால் வேலை முடிந்தது. சாதம் சாதமாக இருக்கும், மேலே சுட்டது சுட்டதாக இருக்கும்.

அடிசாதம்:
தணல் சார், வழித்துப் போட்டா சாப்பிடும்போது வழுக்கிக்கிட்டு விழும், அதை விட்டுட்டீங்களே! இதை நோரித் துண்டுல, அதாவது காய்ஞ்ச கடற்பாசித் தாள்ல, ஸ்பூனால எடுத்து வச்சு மடிச்சுச் சாப்பிடுறாங்க. சேர்த்து பேக் பண்ணும்போது கலவையோட அடிப்பக்கம் சாதத்தோட மேல் ரெண்டு மில்லிமீட்டர்ல லேசா இறங்கி, சூட்டுல இறுகிப் பிடிச்சுக்கும். ஸ்பூன் விட்டா ரெண்டும் ஒண்ணா கட்டியா வரும். நீங்க சொல்ற முறைல மேல இருக்கிறது ஒரு பக்கம், சாதம் ஒரு பக்கம்.

எண்ணெய் பிரியுறதுக்குக் காரணம் சாதம் உள்ளே போனதில்லை, ஆறின சாதம் உள்ளே போனது. ஜில்லுன்னு இருக்கிற 2 செ.மீ. சாதத்தைச் சூடாக்க 25 நிமிஷம் ஆகுது. அத்தனை நேரம் மேல இருக்கிற மயோனைஸ் என்ன பாடுபடும்? எடையில முக்கால்வாசி எண்ணெய்தான் அது. முட்டைக் கரு அதைத் துளித்துளியாப் பிடிச்சு வச்சிருக்கு. கரு அதிகமா வெந்து இறுகினா பிடி விட்டுடும், தண்ணியும் ஆவியாப் போச்சுன்னா எண்ணெய்தான் மிச்சம். சாதம் 40 டிகிரிக்குக் குறையாம உள்ளே போனா 200 டிகிரில 10 நிமிஷம் நடுத்தட்டு, அப்புறம் 2 நிமிஷம் மேல் ஹீட்டர். பிரியவே பிரியாது.

வினிகர் பத்தியும் பயம் வேண்டாம். மேல ஒரு செ.மீ. கலவை மூடியிருக்கு. பத்து நிமிஷத்துல உள்ள இருக்கிற சாதம் கொதிநிலைக்குப் பக்கத்துலகூடப் போகாது.

மேல்தணல்:
நடுவில் இருக்கும் சாதத்துக்கு அது சரி. ஓரம்? உலோக டிரே என்றால் நாலு பக்கமும் விரலளவு காய்கிறதே.

அடிசாதம்:
அதுக்கு வழி இருக்கு. டிரேவோட உள்பக்கம் எள்ளெண்ணெய் ஒரு டீஸ்பூன் தடவுங்க. சாதத்தை ஓரத்துல மேல ஏற விடாம சமமா வைங்க, கலவையை விளிம்பு வரைக்கும் இழுத்துப் பூசுங்க. வெளிய தெரியுற சாதம்தான் காயும், மூடின சாதம் காயாது. பீங்கான் டிரே இருந்தா இன்னும் நல்லது, மெதுவாத்தான் சூடேறும்.

20 x 20 செ.மீ. டிரேவுக்குக் கணக்கு இது. குட்டை ரக ஜப்பானிய அரிசி 300 கிராம், அதாவது ரைஸ் குக்கரோட கூட வர்ற 180 மி.லி. கப்ல ரெண்டு. தண்ணி கிட்டத்தட்ட தெளியுற வரைக்கும் மூணு நாலு தடவை கழுவி, அரை மணி ஊற வச்சு, வடிகட்டி, 360 மி.லி. தண்ணில வேக வைங்க. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 12 நிமிஷம், அணைச்சு மூடியைத் திறக்காம 10 நிமிஷம். அரிசி வினிகர் 45 மி.லி., சர்க்கரை 20 கிராம், உப்பு 5 கிராம் லேசா சூடாக்கிக் கரைச்சு, சாதம் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊத்தி, கரண்டியைச் சாய்வா விட்டு வெட்டுற மாதிரி கலக்கணும். கிண்டினா குழைஞ்சிடும். ஆறின சாதத்துல ஊத்தினா உள்ளே இழுக்காது, அடியில குட்டையா நிக்கும்.

டிரேயில் போட்டதும் கரண்டி முதுகால அமுக்காதீங்க. கையை நனைச்சுக்கிட்டு மட்டம் பண்ணினா போதும். அமுக்கினா பலகை மாதிரி ஆயிடும்.

கறார்கரண்டி:
இருவரும் சாதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் பண்டம் கெடுவது பெரும்பாலும் மேல் கலவையில் இருக்கும் தண்ணீரால். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கிராப் ஸ்டிக் உருகும்போது கணிசமாக நீர் விடும். அப்படியே மயோனைஸில் கலந்தால் கலவை நீர்த்து, ஓவனில் கொதித்து, சாதம் கூழாகும். தணல் சொல்லும் தனி டிரேயில் இதே நீர் அடியில் தேங்கும். யார் முறையிலும் இதற்குத் தப்ப வழியில்லை.

முதல் நாளே ஃப்ரிட்ஜில் உருக விடுங்கள். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டினால் நார் நாராகப் பிரியும். கத்தியால் நறுக்கினால் சின்னச் சின்னக் கட்டைகளாகக் கிடக்கும், மயோனைஸ் ஒட்டாது. பிரித்ததைத் துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். 250 கிராமுக்கு மயோனைஸ் 60 கிராம், ஸ்ரீராச்சா மிளகாய் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். 120 கிராம் மயோனைஸ் என்று எழுதுபவர்கள்தான் பிறகு எண்ணெய் மிதக்கிறது என்று கேட்க வருகிறார்கள். உப்பு சேர்க்கவே கூடாது; கிராப் ஸ்டிக், மயோனைஸ், ஃபுரிகாகே மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது.

சால்மன் என்றால் பச்சையாக நறுக்கிக் கலக்காதீர்கள். பத்து நிமிடத்தில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வேகாது, வெள்ளை வெள்ளையாகப் புரதமும் நீரும் கசியும். 250 கிராம் துண்டை அரை டீஸ்பூன் உப்புத் தடவி 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், உள்சூடு 63 டிகிரி வரும்வரை வேகவைத்து, ஆறவிட்டு, உதிர்த்து, வடிந்த நீரைக் கொட்டிவிட்டுக் கலக்குங்கள்.

மேல்தணல்:
பிழிவதைப் பற்றி எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் கிரீம் சீஸைக் காணோமே, வேண்டுமென்றே விட்டீர்களா?

கறார்கரண்டி:
வேண்டுமென்றேதான். அது நாக்கில் ஒரு போர்வை போட்டுவிடுகிறது. வினிகரும் தெரியாது, கடல் வாசனையும் தெரியாது.

அடிசாதம்:
அளவு மீறினாதான் அப்படி. 225 கிராம் பாக்கெட்டை முழுசாக் கொட்டுறவங்க இருக்காங்க, அது அநியாயம். 250 கிராம் கிராப் ஸ்டிக்குக்கு 80 கிராம் போதும். அறை வெப்பத்துல இளகவிட்டு, முதல்ல மயோனைஸோட கட்டியில்லாம அடிச்சு, அப்புறம்தான் கிராப் ஸ்டிக். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் கலந்தா வெள்ளை உருண்டையா அங்கங்க நிக்கும், ஓவன்லயும் கரையாது. ருசிக்காக மட்டும் இல்ல, கலவை இறுகி நிக்கிறதே இதனாலதான். இது இல்லாம 60 கிராம் மயோனைஸ் மட்டும் போட்டா மேல்பாகம் உதிரியா இருக்கும்.

கறார்கரண்டி:
இறுக்கத்துக்கு ஒரு முட்டைக் கருவும் ஒரு டீஸ்பூன் சோள மாவும் போதும். மாவு கசியும் நீரையும் பிடித்துக்கொள்ளும். மயோனைஸைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 1925 முதல் ஜப்பானில் விற்கும் கியூபி வகையில் முழு முட்டைக்குப் பதில் கரு மட்டும் சேர்கிறது, அதனால் கெட்டியாக இருக்கும். கொழுப்பு குறைந்த வகைகளில் எண்ணெய் குறைந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. சூட்டில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சாதத்துக்குள்தான்.

காளான்கறி:
மீன் சாப்பிடாதவங்களுக்கு இதுல என்ன போடலாம்? பனீர் போட்டா சரியா வருமா?

மேல்தணல்:
பனீர் உதிரும், நார் கிடைக்காது. கிங் ஆய்ஸ்டர் காளான் 400 கிராம் எடுத்து, தண்டை முள்கரண்டியால் நீளவாக்கில் கீறிக் கிழியுங்கள். எண்ணெய் விடாத வாணலியில் உப்புப் போட்டு வதக்கினால் நீர் விடும். அது முழுக்க வற்றி, ஓரம் பழுப்பாகும்வரை நிறுத்த வேண்டாம். எடை பாதிக்கும் கீழே இறங்கினால்தான் கலக்கத் தயார். கடைசியில் சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். ஃபுரிகாகே பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள், பல வகைகளில் மீன் துருவல் இருக்கும். வறுத்த எள்ளும் நொறுக்கிய நோரியும் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சேர்த்தால் அதே வேலையைச் செய்யும்.

காளான்கறி:
நன்றிங்க. நோரியைச் சாதத்துக்கு அடியில விரிச்சு பேக் பண்ணலாமா? தனித்தனியா எடுத்துக் கொடுக்க வேண்டாமேன்னு கேட்கிறேன்.

அடிசாதம்:
வேண்டவே வேண்டாம். சாதத்து ஈரம் இறங்கித் தோல் மாதிரி ஆயிடும், ஸ்பூனால வெட்டவே முடியாது. இழுத்தா மேல இருக்கிறதெல்லாம் சேர்ந்து வரும். முழுத்தாளை நாலா வெட்டி மூடின டப்பால தனியா வைங்க. நமத்திருந்தா தணல் மேல ரெண்டு மூணு விநாடி காட்டினா மொறுமொறுப்பு திரும்பிடும். வச்சதும் வாயில போட்டுடணும், தட்டுல அடுக்கி வச்சா நமத்துப்போகும்.

மேல்தணல்:
இதில் இருவரும் ஒன்று. மசாகோ மீன்முட்டையும் அப்படித்தான், ஓவனுக்குள் போகக்கூடாது. சூட்டில் வெளுத்து மணல் போலாகிவிடும். அவகாடோ கசக்கும், வெள்ளரி நீர் விடும். எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான். இனிப்பு சோயா சாஸை முன்பே ஊற்றினால் மேல் ஹீட்டரில் சர்க்கரை கருகும்.

இன்னொன்று. கண்ணாடி டிரேவை மேல் ஹீட்டருக்குக் கீழே வைக்காதீர்கள். நேர்ச்சூட்டில் விரிசல் விடலாம், தயாரிப்பாளர்களே கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

ஆனால் மூலக் கேள்விக்கு வருகிறேன். அடிசாதம் சொல்வதெல்லாம் சாதம் சூடாக உள்ளே போனால் மட்டுமே சரி. விருந்தாளிகள் வரும் நாளில் நடப்பது வேறு. முதல் நாளே மொத்தத்தையும் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். குளிரில் சாதத்தின் மாவுச்சத்து இறுகி விறைக்கிறது. மறுநாள் அதைத் தளர்த்த அரை மணி ஓவன், அதற்குள் மேலே எண்ணெய் ஆறு. தனித்தனியாக வைத்தால் இந்தச் சிக்கலே கிடையாது. கலவையை மட்டும் முதல் நாள் பிசைந்து வை, சாதத்தை அன்றே வடி.

அடிசாதம்:
அன்னைக்கே சாதம் வடிக்கணும்கிறதுல சண்டை இல்ல. வடிச்ச சூட்டோட பரப்பி, ஃப்ரிட்ஜ்ல இருக்கிற கலவையைப் பூசி, சேர்த்தே உள்ளே தள்ளுங்க. கலவை ஜில்லுன்னு இருக்கிறதால 12 நிமிஷம் ஆகும், பத்துக்குப் பதிலா. முதல் நாளே அடுக்கித்தான் ஆகணும்னா ஃபாயில் இறுக்கி மூடி 170 டிகிரில 25 நிமிஷம், நடுவுல கத்தி முனையை விட்டு எடுத்து உதட்டுல வச்சுப் பாருங்க. சுட்டா ஃபாயிலை எடுத்துட்டு மேல் ஹீட்டர். மூடியிருந்தா நீராவி உள்ளேயே நின்னு சாதம் இளகும், மேல்பாகமும் காயாது. முதல் தரம்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க சொல்ற எண்ணெய் ஆறு வராது.

கறார்கரண்டி:
வடித்த சாதத்தைச் சமையல் மேடையில் மணிக்கணக்காக விடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. வெந்த சாதத்திலும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்திருக்கும். வெளியே கிடக்கும்போது பெருகி அவை விடும் நச்சு ஓவன் சூட்டுக்கு அழியாது. மறுபடி பேக் செய்தால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. வினிகர் ஓரளவு தடுக்கும், ஆனால் வீட்டில் யாரும் அமிலத்தன்மையை அளந்து ஊற்றுவதில்லை. தணல் முறையில் சாதம் ஈரத்துணியில் காத்திருக்கிறது அல்லவா, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க விடாதீர்கள். செய்து முடித்த பண்டமும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், மறுநாளே தீர்க்க வேண்டும்.

காளான்கறி:
மீதியானதைச் சூடு பண்ண மைக்ரோவேவ் போதுமா?

அடிசாதம்:
தாராளமா. அவகாடோ, வெள்ளரியை எடுத்துடுங்க. ஒருத்தருக்கான அளவுக்கு ஒரு டீஸ்பூன் தண்ணி தெளிச்சு, மூடி, பாதி பவர்ல 2 நிமிஷம். ஆவி பறக்கிற அளவுக்குச் சூடு ஏறலைன்னா இன்னும் அரை நிமிஷம். முழு பவர் வச்சா மயோனைஸ் பிரியும்.

மேல்தணல்:
பாருங்கள், கலவை தனியாக இருந்தால் சாதத்தை மட்டும் முழு பவரில் ஒரே நிமிடத்தில் சூடாக்கிவிடலாம்.

அடிசாதம்:
ஆமா, அப்புறம் அது ஸ்பூன்ல இருந்து வழுக்கி விழும்.