அப்பா போன பிறகு அக்கா தங்கைகளிடம் அண்ணன் தம்பி விடுதலைப் பத்திரம் வாங்குவது பாகுபாடா, குடும்ப ஏற்பாடா?

(புனைபெயரில் எழுதுகிறவர்களின் விவாதம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவர் பெயர்.)

தென்பெண்ணைக்கரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அப்பா காலமானால், காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடுவார்கள். சான்றிதழ் வந்ததும் கட்டிக்கொடுத்த பெண்களை வரச்சொல்லி, சார்பதிவாளர் ஆபீசில் அண்ணன் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தோம் என்ற பத்திரம், எழுதி வாங்குவார்கள். இதைப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. நம் பக்கத்தில் அதுவும் மேட்டு நிலம், மானாவாரி. போர்வெல் ஒன்று, கரண்ட் சர்வீஸ் ஒன்று, வண்டித் தடம் ஒன்று. மூன்றாகப் பிரித்தால் ஒருத்தருக்குத் தண்ணீர், மற்ற இரண்டு பேருக்கு வெறும் வரப்பு. மாந்தோப்பு என்றால் இன்னும் சிக்கல். கிழக்கே பெங்களூரா ரக மாமரம், மேற்கே காலி மண் என்றிருந்தால் எதை யாருக்குக் கொடுப்பது? போர் போட்ட கடன் பையன் தலையில். கடைசிக் காலத்தில் அம்மாவை வைத்துக்கொள்வதும் பையன். பெண்ணுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாச்சு, தாய்மாமன் சீர் சாகிறவரை தொடரும். இதற்கு ஈடாகத்தான் அந்தக் கையெழுத்து.

சின்னாறு

நீங்கள் சொன்ன கஷ்டம் எல்லாம் நிலத்தைப் பிரிப்பதில் வரும் கஷ்டம். பங்கே இல்லாமல் ஆக்குவதற்கு அது காரணம் ஆகாது. இரண்டும் வேறு.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். 1989 மார்ச் 25 முதல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கதவையும் திறந்தது: கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதமே கிடையாது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. தப்பிப்பது 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையும் கைமாற்றமும்தான். அந்தப் பிரிவினையும் பதிவுப் பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகப் பிரித்தோம் என்பது பொது ஆவணங்களின் பலமான ஆதாரம் இல்லாமல் நிற்காது.

நான்கு ஏக்கர் பூர்வீக நிலம், அம்மா, ஒரு மகன், இரண்டு மகள். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கு மறுபடி நான்காகி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளை ஒருவருக்கு 16-இல் 5, அதாவது ஒன்றேகால் ஏக்கர். அம்மாவுக்கு 25 சென்ட். அதே நிலம் அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால் நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். ஆக, நீங்கள் சீருக்கு ஈடு என்று சொல்லும் கையெழுத்தின் எடை ஒன்றேகால் ஏக்கர். சீருக்கு எழுத்துக் கணக்கு யாரும் வைப்பதில்லை, மகனின் படிப்புக்கும் டிராக்டருக்கும் போன பணத்துக்கும் வைப்பதில்லை. ஒரு பக்கத்துச் செலவை மட்டும் கழிப்பதுதான் பாகுபாடு.

கடன் பற்றி: இறந்தவரின் கடன், அவர் சொத்தை வாங்கும் எல்லா வாரிசுக்கும் அவரவர் பெற்ற அளவுக்கு உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே கூட்டுறவு சங்கக் கடன் இவ்வளவு, யார் எவ்வளவு கட்டுவது என்று எழுதலாம். பெற்றோரைப் பார்ப்பதும் மகனுக்கு மட்டும் விதித்த வேலை இல்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகளையும் பொறுப்பாக்குகிறது.

ஆவண எழுத்து

இருவரும் பத்திரத்தைத் திறந்து பார்க்காமலே வாதாடுகிறீர்கள். தப்பு நடப்பது பத்திரத்துக்குள்தான்.

குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. பாகப்பிரிவினைக்கும் இதே உச்சம், ஆனால் அது பங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. செலவைக் குறைக்கத்தான் விடுதலை எழுதினோம் என்று பலர் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் மகளின் பங்கு முழுவதற்கும் சமம் ஆகாது.

பிரச்சினை முதலில் சொத்து விவரத்தில் வரும். வீட்டு மனைக்கு என்று சொல்லிக் கூட்டிவந்து, அட்டவணையில் நஞ்சை, புஞ்சை, களம் எல்லாச் சர்வே எண்ணும் ஏற்றியிருப்பார்கள். கடைசியில் 'இதர சொத்துகள் அனைத்தும்' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடுத்தது பிரதிபலன், அதாவது பங்கை விடுவதற்கு ஈடாக வாங்கும் தொகை. 'அன்பின் பொருட்டு' என்று மட்டும் எழுதினால் பைசா வாங்கவில்லை என்று பொருள். 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிவிட்டுக் கொடுக்காமல் விட்டால், பிறகு வாங்கவில்லை என்று நிரூபிப்பது கையெழுத்துப் போட்டவர் வேலை. வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பிறகு, அந்தப் பரிவர்த்தனை எண்ணோடு எழுதுவதே பாதுகாப்பு. ஓசூர் தாண்டி பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களிடம், அலைச்சல் வேண்டாமே என்று பொது அதிகாரப் பத்திரம் வாங்குகிறார்கள். அதைக் கொடுத்தால் விற்கும் அதிகாரமே அவர்கள் கைக்கும் போய்விடும்.

இருபது ரூபாய்ப் பத்திரத் தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நிலத்தை விடுவிக்காது. 1908 பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பதிவு கட்டாயம்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளிடம் வாங்கும் விடுதலையும் கேள்விக்குரியது. அவருடைய சுய சம்பாத்தியத்தில் அப்போது அவளுக்கு உரிமையே பிறக்கவில்லை. பிறக்காத உரிமையை விட முடியாது. ஆனால் அதற்காகப் பணம் வாங்கியிருந்தால், பிறகு பங்கு கேட்கும்போது நீதிமன்றம் அதையே அவளுக்கு எதிராக நிறுத்தலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

தென்பெண்ணைக்கரை

ஆவண எழுத்து சொன்ன ஏமாற்று வேலையை நான் ஆதரிக்கவில்லை. படித்துக் காட்டாமல் வாங்கும் கையெழுத்து தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி நிற்கிறது. ஓசூர் - தர்மபுரி நாலுவழிச் சாலை, சூளகிரி, குருபரப்பள்ளி சிப்காட் வந்தபிறகு நில விலை விவசாயத்தை விட்டு விலகிவிட்டது. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி அனுப்பிப் பிழைக்கிறவன் சந்தை விலைக்குப் பங்குத் தொகை கொடுக்க முடியாது. கொடுக்க நிலத்தை விற்கணும். விற்றால் விவசாயம் போச்சு. இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்கை லேஅவுட்காரருக்குக் கிரயம் பண்ணிவிடுவார்கள். நடு நிலத்தில் முள்வேலி வரும், தடம் அடைபடும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சின்னாறு

நியாயமான கேள்வி. பதில் சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லித்தான் யாரும் கொடுப்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆவது பிரிவு: உயில் இல்லாமல் வந்த சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்கப்போனால், முதல் வகுப்பைச் சேர்ந்த மற்ற வாரிசுகளுக்கு (மகன், மகள், மனைவி, அம்மா போன்றவர்கள்) வாங்க முன்னுரிமை. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

விலை கொடுக்க முடியாத அண்ணனுக்கும் வழி உண்டு. பங்குத் தொகையைத் தவணையாக எழுதி, அது தீரும்வரை நிலமே அதற்கு ஈடு என்று அந்த நிலத்தின்மேல் பொறுப்பு (சார்ஜ்) ஏற்படுத்தலாம். வில்லங்கச் சான்றில் அது தெரியும் என்பதால் நடுவில் விற்றாலும் வாங்குகிறவரையும் அந்தப் பொறுப்பு கட்டும். அல்லது நிலத்தைப் பிரிக்காமல் கூட்டுப் பட்டாவாகவே வைத்து, வருஷக் குத்தகையில் அவள் பங்கைக் கொடுக்கலாம். பத்து புளியமரம் இருந்தால் உலுக்கும்போது பங்கு போடத் தெரிகிற குடும்பத்துக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. பிரிப்பதானால் போர், சர்வீஸ், எட்டடியோ பத்தடியோ தடம், மூன்றையும் பொதுவில் வைத்து, தண்ணீர் முறை எந்த நாள் யாருக்கு என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் விட்டதுதான் பிறகு வழக்காகிறது. தோப்பை வளர்த்தவருக்குத் தோப்புப் பக்கத்தை ஒதுக்கி, மற்றவர்க்கு அளவில் கூட்டிக் கொடுப்பதும் நீதிமன்றங்களே செய்யும் முறை.

இன்னொன்று. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போது நோட்டீஸ் பட்டாதாரருக்குப் போகும். விடுதலை எழுதிக் கொடுத்த மகளுக்கு இழப்பீட்டில் ஒரு ரூபாய் கிடையாது. நிலத்தின் விலை தெரியாத காலத்தில் சீரைக் கழித்துக்கொண்டு வாங்கிய கையெழுத்து, நிலம் கோடிக்குப் போகும்போதும் அப்படியே கட்டிப்போடுகிறது. இது எப்படி ஈடு ஆகும்?

அஞ்செட்டி வாசகி

விற்பனை, இழப்பீடு ஒரு பக்கம். தினசரி விவசாயத்தில் என்ன நடக்கிறது? களை எடுப்பது, ராகி அறுப்பது, தக்காளி பறிப்பது, பூ பறிப்பது, பட்டுப்புழுவுக்குத் தழை போடுவது பெரும்பாலும் பெண்கள். ஆனால் நாடு முழுக்க எடுத்தால் பெண் பெயரில் சாகுபடியாகும் நில உடைமைகள் 14 சதவீதம்தான் (அதே 2015-16 கணக்கெடுப்பு). பட்டாவில் பெயர் இல்லையென்றால் பிஎம் கிசான் 6,000 ரூபாய் இல்லை. சிட்டா அடங்கல் இல்லாமல் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது பெரும்பாடு. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது, அதற்குத் தாசில்தாரின் சிறு விவசாயி சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு நிலம் வேண்டும். விதவையாகித் தாய்வீட்டுக்குத் திரும்பியவள் அண்ணன் நிலத்தில் காலமெல்லாம் வேலை செய்தாலும் அரசாங்கக் கணக்கில் கூலியாள்தான்.

பட்டாவில் பெயர் ஏறினால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவதையும் இங்கே சொல்ல வேண்டும். விதி வேறு: குடும்பத்துக்கு நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள் இருந்தால் தகுதி உண்டு. ஒன்றேகால் ஏக்கர் மேட்டு நிலத்துக்காக அது நிற்காது. கணவன் வீட்டு நிலத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வத்தல்மலை

நீங்கள் எல்லாரும் பேசும் சட்டம் மலையில் செல்லாது என்பதை யாரும் குறிப்பிடவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 2(2) பிரிவு பழங்குடியினரை வெளியே வைக்கிறது. வத்தல்மலை, சித்தேரியில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 1989-உம் இல்லை, 2005-உம் இல்லை. வழக்கம்தான் சட்டம் என்பார்கள், அந்த வழக்கத்தைச் சொல்வதும் ஆண்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்த மத்திய அரசு யோசிக்க வேண்டும் என்றது. 2025 ஜூலையில் இன்னொரு வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக நிரூபிக்காதவரை பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு வந்தது. நிரூபிக்கும் சுமை இப்போது மறுக்கிறவர் பக்கம். மலையில் வழக்குப் போடுகிறவர்கள் மனுவில் சாதிச் சான்றையும் வைத்து இந்தத் தீர்ப்பைத்தான் எடுக்க வேண்டும். சமவெளிச் சட்டத்தை எழுதினால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை வரும்.

காவேரிப்பட்டணம் மருமகன்

என் கேள்வி நேரடி. வாரிசுச் சான்றில் மகள் பெயரே விடப்பட்டு, பட்டா மகன் பெயருக்கு மாறி ஏழெட்டு வருஷம் ஆனது. கையெழுத்தும் போடவில்லை. என்ன செய்வது?

ஆவண எழுத்து

கையெழுத்துப் போடாதது பெரிய பலம். பட்டா வரி கட்டுவதற்கான பதிவு, அது மட்டும் உரிமை தராது. முதலில் அந்தச் சர்வே எண்களுக்கு முப்பது வருஷ வில்லங்கம் எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். இடையில் விற்பனையோ அடமானமோ நடந்திருந்தால் வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகலும் தாய்ப் பத்திரமும் எடுங்கள். வாரிசுச் சான்றைத் திருத்தத் தாசில்தாரிடம் மனு. பள்ளி மாற்றுச் சான்றிலோ பழைய குடும்ப அட்டையிலோ அப்பா பெயர் இருந்தால் போதும். அவர் மறுத்தால் கோட்டாட்சியரிடம், ஓசூர் கோட்டம் என்றால் சார் ஆட்சியரிடம், மேல்முறையீடு.

அதற்குள் விற்றுவிடாமல் இருக்க, பங்கு கேட்டுப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு பாகப்பிரிவினை வழக்கோடு தடை உத்தரவு மனு. கூட்டு அனுபவத்தில் இருப்பதாக வழக்குப் போட்டால் நிலையான கோர்ட் கட்டணம். வெளியேற்றப்பட்டேன் என்று மனுவில் எழுதினால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு வித்தியாசம், வக்கீலிடம் யோசித்து எழுதச் சொல்லுங்கள். உனக்குப் பங்கு இல்லை என்று வெளிப்படையாக மறுத்து 12 வருஷம் தாண்டினால் காலாவதி வாதம் வரும், அதனால் ஏழெட்டு வருஷம் ஆனவர் இனித் தள்ளிப்போடக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் என்றால் இன்னும் அவசரம்: ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

சின்னாறு

வக்கீல் செலவுக்குப் பயந்து விடாதீர்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவில் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் கூப்பிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும்.

தென்பெண்ணைக்கரை

22-ஆவது பிரிவும், தவணைப் பொறுப்பும் சரியாக நடந்தால் என் பயத்தில் பாதி போகும். மீதிப் பாதியில் நான் நிற்கிறேன். ஒன்றரை ஏக்கரை நாலு பட்டாவாக உட்பிரிவு செய்வதை எந்தச் சட்டம் சொன்னாலும் ஏற்க மாட்டேன். பெண்ணுக்கு நிலமாகக் கொடுப்பதை விட, விலை பேசி, வங்கி வழியாக, பத்திரத்தில் தொகையோடு கொடுக்கட்டும்.

அஞ்செட்டி வாசகி

விலை பேசுவதென்றால் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் பேசாதீர்கள். பக்கத்துச் சர்வே எண்ணில் கடைசி மூன்று வருஷம் நடந்த கிரயப் பத்திரங்களின் நகல் எடுத்து வைத்துப் பேசுங்கள். பணமா நிலமா என்று சொல்ல வேண்டியவள் பங்குக்காரி. அவளுக்கு நிலம்தான் வேண்டும் என்றால் நிலம்தான்.