இலைச் சீட்டு பதிவானதும் கணக்கு எழுதுவது யார் வேலை: அப்சர்வரா, சர்வீஸா?

கேத்தி_பின்தளம்:
கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு லாராவெலில் (பிஎச்பி மொழிக்கான வலைச் செயலிக் கட்டமைப்பு) கொள்முதல் செயலி எழுதுகிறோம். சிறு விவசாயி பச்சை இலை கொண்டுவந்து எடை போட்டதும் ஒரு சீட்டு பதிவாகும். அதைத் தொடர்ந்து மூன்று வேலை: அவர் கணக்கில் வரவு, அவருக்கு எஸ்எம்எஸ், யார் எதைத் திருத்தினார் என்ற பதிவேடு. மூன்றையும் சீட்டு மாடலின் (சீட்டு டேபிளைக் கையாளும் கிளாஸ்) அப்சர்வரில், அதாவது மாடலைச் சேமிக்கும்போது தானாக ஓடும் கிளாஸில், வைக்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். இந்த வேலைகளை வரிசையாகச் செய்யும் சர்வீஸ் கிளாஸை நேரடியாகக் கூப்பிடுவதுதான் முறை என்கிறார்கள் மற்றவர்கள்.

குன்னூரான்:
அப்சர்வர்தான், சந்தேகமே வேண்டாம். சீட்டு உள்ளே வர எத்தனை வாசல் பாருங்க: எடை போடும் இடத்து டேப்லெட், அலுவலகத் திரை, பழைய எக்செல் இறக்குமதி. நாளைக்கு நாலாவது வரும். அதை எழுதுகிறவர் சர்வீஸைக் கூப்பிட மறந்தால் விவசாயிக்கு வரவு விழாது. அப்சர்வர் இருந்தால் மறக்க வாய்ப்பே இல்லை. மாடல் தலையிலேயே அப்சர்வ்டுபை ஆட்ரிபியூட் போட்டுடுங்க, கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும். ஆப்சர்வீஸ்புரொவைடரின் பூட் மெத்தடிலும் (செயலி தொடங்கும்போது ஓடுவது) இன்னொரு தடவை பதிவு பண்ணிடாதீங்க. ரெண்டு தடவை ஓடும், வரவும் ரெட்டிப்பாகும்.

எமரால்டு_டெவ்:
மறக்க வாய்ப்பே இல்லையா? தேயிலை வாரியம் பச்சை இலைக்கு மாத விலை அறிவிக்கும். அறிவித்ததும் அந்த மாதச் சீட்டு அத்தனையிலும் விலை ஏற்ற வேண்டும். எல்லாரும் என்ன எழுதுவோம்? ஒரு 'வேர்' (where) நிபந்தனை, ஒரு அப்டேட். அது நேரே எஸ்க்யூஎல்லாகப் போகிறது. மாடல் ஒன்றுகூட உருவாகாது, அப்சர்வரை எழுப்பும் அப்டேட்டட், சேவ்டு ஈவென்ட் எதுவும் எழாது. இன்சர்ட், அப்சர்ட் (வரி இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) ரெண்டும் இதே கதை. பிழைச் செய்தி இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. சீட்டில் புது விலை, கணக்கில் பழைய வரவு.

குன்னூரான்:
அப்போ சங்க்பைஐடி வைத்து 500, 500 ஆக எடுத்து ஒவ்வொன்றாக சேவ் பண்ணுங்க.

எமரால்டு_டெவ்:
மாதம் 6,000 சீட்டு என்று வையுங்கள். 6,000 அப்டேட், ஒவ்வொன்றுக்கும் அப்சர்வர் உள்ளே கணக்கைப் படிக்க ஒன்று, எழுத ஒன்று. 18,000 க்வெரி! இரண்டு க்வெரியில் முடிகிற வேலை இது. எஸ்எம்எஸ்ஸையும் அப்டேட்டடில் மாட்டியிருந்தால் 6,000 செய்தி பறக்கும், அதற்கு யார் காசு கட்டுவது?

கூடலூர்_மழை:
ரெண்டு பேரும் தேவையில்லாத இடத்தில் மல்லுக்கட்டுறீங்க. சீட்டில் விலை எதுக்கு? கிலோ, ஈரக் கழிவு, தேதி போதும். 42 கிலோவில் ஈரத்துக்கு 3 போனால் 39, சீட்டோட சமாச்சாரம் அவ்வளவுதான். விலைக்குத் தனி டேபிள்: மாதம், கிலோவுக்கு எவ்வளவு. பட்டுவாடா நேரத்தில் நிகர எடையைக் கூட்டி விலையால் பெருக்கி, முன்பணத்தைக் கழிச்சால் தீர்ந்தது. வரவையும் கிலோவாகவே எழுதுங்க. மொத்த அப்டேட்டே வராது.

உண்மையான கண்ணி டிரான்சாக்ஷனில் இருக்கு. சீட்டு, கழிவு, வரவு மூணும் ஒரே டிரான்சாக்ஷனில்தான் போகணும்: எல்லாம் சேர்ந்து பதிவாகணும் (கமிட்), இல்லேன்னா எல்லாம் சேர்ந்து ரத்தாகணும் (ரோல்பேக்). ஆனால் அப்சர்வரின் க்ரியேட்டட், கமிட்டுக்குக் காத்திருக்காது, சீட்டு வரி எழுதின நொடியே ஓடும். அதில் எஸ்எம்எஸ் வேலையை ரெடிஸ் க்யூவில் (டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கும் வேலை வரிசை) போட்டால், கமிட் ஆகும் முன்பே பின்னணியில் ஓடும் வொர்க்கர் எடுத்துவிடும். சீட்டைத் தேடும், இல்லைன்னு எக்செப்ஷன் வரும். அதுகூடப் பரவாயில்லை, லாகில் தெரியும். செய்தியிலேயே எடையை வைத்து அனுப்பியிருந்தால்? டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் "39 கிலோ வரவு"ன்னு விவசாயி போனில் நிற்கும். மறுநாள் அவர் அலுவலகத்தில் வந்து நிற்பார்.

க்யூவும் அதே டேட்டாபேஸ் இணைப்பில் இருந்தால் இது தெரியவே தெரியாது, ஏன்னா க்யூ வரியும் சேர்ந்தே ரோல்பேக் ஆகும். ரெடிஸுக்கு மாறும்போதுதான் கிளம்பும்.

குன்னூரான்:
அதுக்குத்தான் அப்சர்வரைக் கமிட்டுக்குப் பிறகே ஓடவைக்கும் ஷுட்ஹேண்டில்ஈவென்ட்ஸ்ஆஃப்டர்கமிட் இன்டர்ஃபேஸ் இருக்கே. அப்சர்வரில் அதைச் சேர்த்தால் முடிஞ்சது.

கூடலூர்_மழை:
முடியாது அண்ணா. அது கிளாஸ் முழுசுக்கும் பொருந்தும். அதே கிளாஸில் க்ரியேட்டிங் (வரி எழுதும் முன் ஓடுவது) வைத்து சீட்டு எண் நிரப்பினால் அதுவும் கமிட்டுக்குப் பின்னால் தள்ளிப்போகும், எண் இல்லாமலே வரி ஏறும். வரவு எழுதறதும் டிரான்சாக்ஷனுக்கு வெளியே விழும். பதிவேடு இன்னும் மோசம்: கமிட் ஆகும்போது மாடல் தன் பழைய மதிப்பை மறந்திருக்கும். எதாவது மாறியிருக்கான்னு கேட்கும் இஸ்டர்ட்டி பொய் சொல்லும், பழைய மதிப்பைத் தர வேண்டிய கெட்ஒரிஜினல் புது எடையையே கொடுக்கும். கடைசி சேவில் மாறியதான்னு சொல்லும் வாஸ்சேஞ்ஜ்டு மட்டும் சரியா இருக்கும். டிரான்சாக்ஷன் இல்லாத இடத்தில் உடனே ஓடுவதால் அங்கே எல்லாம் ஒழுங்காத் தெரியும், அதுதான் ஆளைக் குழப்பும். ரெண்டு அப்சர்வராகப் பிரிங்க. பதிவேடு டிரான்சாக்ஷனுக்குள், எஸ்எம்எஸ் கமிட்டுக்குப் பின்.

கேத்தி_பின்தளம்:
வரவு? இன்னொன்று: எடை போடும் இடங்களில் பாதிக்கு சிக்னல் இல்லை. டேப்லெட் 200 சீட்டு சேர்த்து வைத்துச் சாயங்காலம் அனுப்பும், நடுவில் அறுந்தால் மறுபடி அனுப்பும்.

எமரால்டு_டெவ்:
வரவு சர்வீஸில். பணம் நகர்கிற இடத்தை மேலிருந்து கீழே ஒரே கோப்பில் படிக்க முடிய வேண்டும், தணிக்கைக்கு வருகிறவருக்கு ஐந்து அப்சர்வரைத் திறந்து காட்ட முடியாது. டேப்லெட்டே ஒவ்வொரு சீட்டுக்கும் யூயூஐடி (வேறெதற்கும் வராத அடையாளக் குறி) கொடுக்கட்டும், அதற்கு ஒரே மதிப்பை இருமுறை ஏறவிடாத யூனிக் இன்டெக்ஸ். வரவு டேபிளில் சீட்டு ஐடி, வரவு வகை இரண்டும் சேர்ந்து இன்னொரு யூனிக் இன்டெக்ஸ். எது இருமுறை ஓடினாலும் டேட்டாபேஸே நிறுத்திவிடும்.

குன்னூரான்:
200 சீட்டுக்கு அப்சர்ட் வேண்டியதே இல்லை. ஃபர்ஸ்ட்ஆர்க்ரியேட் (இருந்தால் எடுக்கும், இல்லேன்னா உருவாக்கும்) லூப்பில் போடுங்க, புதுசா உருவானதுக்கு மட்டும்தான் க்ரியேட்டட் எழும், மறுபடி அனுப்பினதுக்கு எஸ்எம்எஸ் போகாது. அந்த வசதியை சர்வீஸில் நீங்க கையால எழுதணும். வரவை சர்வீஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன், மற்ற ரெண்டையும் இல்லை.

எமரால்டு_டெவ்:
கையால் என்றால், இப்போதுதான் உருவானதா என்று சொல்லும் வாஸ்ரீசன்ட்லிக்ரியேட்டட் பார்க்கும் ஒரு இஃப். டெஸ்ட் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஈவென்ட் ஃபேக்கை (டெஸ்டில் ஈவென்ட்களை ஓடாமல் நிறுத்துவது) முதல் வரியில் போட்டால் அப்சர்வரும் ஓடாது, க்ரியேட்டிங்கில் நிரப்பும் சீட்டு எண் வெறுமையாகி டெஸ்ட் விழும். லாராவெலின் ஃபேக்டரி (டெஸ்டுக்கு மாதிரித் தரவு உருவாக்கும் கிளாஸ்) சீட்டை உருவாக்கி முடித்த பிறகு ஃபேக்கைக் கூப்பிடுங்கள்.