பல் சீழில் மருந்துக்கு அடங்காத கிருமி: பெங்களூரில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர் வாசகர்:

என் அப்பாவுக்கு நேர்ந்தது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல வருடச் சொத்தை. வலி வரும்போதெல்லாம் தெருமுனை மெடிக்கலில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு வாங்கிப் போட்டுக்கொள்வார். வலி நின்றதும் நிறுத்திவிடுவார். இந்த முறை வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. மூன்றாம் நாள் இரவு, அடிவாய் பலகை போல் இறுகி நாக்கை மேலே தூக்கிவிட, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் தோளில் கிடந்த துண்டில் வழியவிட்டபடி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். படுக்கச் சொன்னபோது கையை மட்டும் அசைத்து மறுத்தார். படுத்தால் மூச்சு அடைத்திருக்கிறது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

லுட்விக் ஆஞ்சைனா என்றார்கள்; பல்லிலிருந்து அடிவாய்க்கு வேகமாகப் பரவி மூச்சை அடைக்கக்கூடிய தொற்று. அன்றிரவே தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்து, பல்லையும் பிடுங்கி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சீழை அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து வந்த அறிக்கையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயருக்குக் கீழே பெனிசிலின், எரித்ரோமைசின், கிளிண்டமைசின் மூன்றுக்கும் நேராக ‘ஆர்’ என்று அச்சாகியிருந்தது. அந்த மருந்துகளுக்கு அந்தக் கிருமி அடங்காது என்று பொருள். அப்பா விழுங்கிவந்த அமாக்சிசிலினும் பெனிசிலின் வகைதான்.

அப்பா தேறி வீடு திரும்பிய பிறகு அவருடைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கத்தரிக்கோலால் நறுக்கிய அட்டைத் துண்டுகள் பதினொன்று இருந்தன. பலவற்றில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. இரண்டில் மட்டும், மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோடு தெரிந்தது. “வலி நின்ற பிறகும் எதற்கடா மாத்திரை?” என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சிவாஜிநகர், ஆய்வகப் பணியாளர்:

அந்த ‘ஆர்’ எப்படி வருகிறது என்பதை நான் நாள்தோறும் கண்ணால் பார்க்கிறேன். இரத்தம் கலந்த தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து ஓர் இரவு வெப்பப் பெட்டியில் வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் தெளிவாகத் தெரியும். சென்ற மழைக்காலத்தில் ஓர் இளைஞரின் ஈறுச் சீழிலிருந்து வளர்த்த தட்டை விளக்கடியில் பிடித்தபோது, எரித்ரோமைசின் வில்லையின் விளிம்பு வரை கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. வில்லைக்கும் கிருமிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. அவருக்கு வயது இருபத்திரண்டு; மருத்துவமனையில் ஒரு நாளும் படுத்தவர் அல்லர்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சீழை ஊசியால் உறிஞ்சி உடனே அனுப்பினால்தான் பயன் உண்டு. பஞ்சுக் குச்சியால் வாயைத் துடைத்து அனுப்பினால் எச்சிலில் இயல்பாக வாழும் கிருமிகள்தான் வளரும்; காற்றுப் பட்டால் சாகும் வகைகளோ வழியிலேயே செத்துவிடும்.

கே.ஆர்.புரம், ஓய்வுபெற்ற ஆசிரியை:

அல்சூர்த் தம்பி அப்பாவின் டப்பாவை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அந்த மாத்திரைகளை எழுதிக் கொடுத்தவரே பல் மருத்துவர்தான். குளிர்ந்த நீர் பட்டாலே உயிர் போகும் வலியோடு மூன்று முறை போனேன்; மூன்று முறையும் பல்லைத் தொடாமல், ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை. நான்காம் முறை வேறொருவரிடம் போனேன். அவர் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் துளைத்து, உள்ளே வீங்கியிருந்த பற்கூழை, அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதையை, எடுத்தார். ஊசியின் மரப்பு நீங்கிய பிறகும் வலி திரும்பவில்லை என்று உணர்ந்த அந்த மாலையை நான் மறக்கவே மாட்டேன். பதினைந்து நாள் தின்ற மருந்து எதற்காக என் உடம்புக்குள் போயிற்று?

பயிற்சிப் பல் மருத்துவர், ஜெயநகர்:

என் அனுபவம் சிறியது. புறநோயாளிப் பிரிவில் ஒருவர் வாயைத் திறக்கவே மறுத்து, “மாத்திரை மட்டும் எழுதுங்கள்” என்று கடைசி வரை வாதாடினார், நான் எழுதவில்லை, அவர் எழுந்து போய்விட்டார். எதிரே உள்ள கடையில் வாங்கியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கே.ஆர்.புரம் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பற்கூழ் வீங்கி வலிக்கும்போது ஆன்டிபயாடிக் அந்த வலியைக் குறைப்பதில்லை. கூழ் அழுகிவிட்டாலோ அதற்குள் இரத்த ஓட்டமே இருக்காது. ஆகவே விழுங்கிய மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றாத பெரியவர்களுக்குப் பல்லுக்கே உரிய சிகிச்சை கிடைக்குமானால் பெரும்பாலான பல் வலிக்கும் வேர்முனைச் சீழுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால் கட்டாயம் வேண்டும். அல்சூர் அப்பாவுக்கு வந்தது அந்த வகை.

வலி நின்ற பிறகும் எதற்கு மாத்திரை என்று அவர் கேட்ட கேள்வியும் பலர் நினைப்பது போலத் தவறானதன்று. வலியும் வீக்கமும் நீங்கி ஒரு நாள் ஆனபின் மருத்துவர் சொல்லி நிறுத்தலாம் என்றுதான் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. தவறு நிறுத்தியதில் இல்லை; சொத்தையை அப்படியே விட்டுவிட்டு அதே மருந்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தொடங்கியதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாக, அடங்காதவை இடம் பிடித்துக்கொள்கின்றன. பல்லில் படியும் படலத்தில் நெருக்கமாக வாழும் இவை எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. வாயில் தீங்கின்றி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், நிமோனியாவை உண்டாக்கும் தன் உறவுக் கிருமிக்கே பெனிசிலின் எதிர்ப்பைக் கொடுத்திருக்கிறது.

ஆகவே மெடிக்கலில் வாங்காதீர்கள். மிஞ்சிய மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள். 2016 முதல் மத்திய அரசு விளம்பரப்படுத்தும் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் தொடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுங்கள். நாக்கு தூக்கிக்கொண்டாலோ, விழுங்க முடியாவிட்டாலோ கிளினிக்கைத் தேடாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஸ்ரீராமபுரம் தையல்காரி:

டாக்டர் தம்பி சொன்னது அத்தனையும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் வேர் சிகிச்சைக்கும் அதன்மேல் போடும் உறைக்கும் கேட்கும் பணத்தில் என் மகளுக்கு ஒரு பருவக் கட்டணம் கட்டிவிடலாம்; நான்கு மாத்திரைக்கோ ஒரு ரவிக்கை தைத்த கூலி போதும். தவணையில் கட்டட்டுமா என்று கேட்டபோது வரவேற்பில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ‘இல்லை’ என்றார். பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நின்று பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது. மெடிக்கலுக்குப் போகிறவர்களைத் திட்டும்போது இதையும் எழுதுங்கள்.

அல்சூர் வாசகர்:

அக்கா, அப்பாவும் பணத்தை எண்ணித்தான் தள்ளிப்போட்டார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஜெயநகர் பல் மருத்துவர் எழுதிய பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்போது நான் கேட்டது சரிதானே” என்று மட்டும் சொன்னார்.

ஃபிரேசர் டவுன் வாசகி:

என் கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. பல் பிடுங்கும்போது இரத்தத்தில் கலக்கும் வாய்க்கிருமி அந்த வால்வில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கிராம் அமாக்சிசிலினை ஒரே வேளையாக விழுங்க வேண்டும். அதாவது ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை நான்கு. நான்கையும் அவர் உள்ளங்கையில் வைத்திருந்தபோது, “அண்மையில் வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். தொண்டை வலிக்காக அதே அமாக்சிசிலினை ஐந்து நாள் போட்டு முந்தைய நாள்தான் முடித்திருந்தார். அதைச் சொன்னதும் மருத்துவர் அந்த நான்கையும் திரும்ப வாங்கி மேசையில் வைத்துவிட்டார். அடங்கும் கிருமிகள் செத்து அடங்காதவை மிஞ்சியிருக்கும் நேரம் இது, அவசரமில்லாத பல் ஆகையால் பத்து நாளாவது போகட்டும் என்றார்.

விடுமுறை எடுத்து வந்தது வீண் என்று ஆட்டோவில் வீடு வரை நான் புலம்பிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அதே நான்கு மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பல்லை எடுத்தார்கள்.