உங்க அத்தை குழுவில் இருக்கா

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள், பொள்ளாச்சி

கார்த்தி: (வீடியோ) கோயம்புத்தூர் ஷோவில் எடுத்ததுங்க. ஒரு காமெடியன், தனக்குக் கேன்சர் வந்து கீமோவுக்குப் போய் வந்த கதையையே மேடையில் ஸ்டாண்டப் காமெடி ஆக்கிவிட்டான்.

மணி மாமா: டேய், அழி அதை. உங்க அத்தை குழுவில் இருக்கா.

கார்த்தி: அவனுக்கே வந்த நோய்ங்க மாமா.

மணி மாமா: யாருக்கு வந்தால் என்ன? டிக்கெட் போட்டுச் சிரிக்கிற விஷயமா அது? சாவு, நோய், சாமி என்று எல்லாத்தையும் மேடை ஏற்றுகிறவனைப் பிடித்து உள்ளே வைக்கணும்.

நிவேதா: வைத்தும் பார்த்தாங்க மாமா. 2021 ஜனவரி 1, இந்தூர். ஸ்டாண்டப் காமெடியன் முனாவர் ஃபரூக்கி ஜோக்கில் மதத்தை இழிவுபடுத்தினார் என்று புகார். ஒரு மாதத்துக்கு மேல் சிறை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் ஜாமீன் கிடைத்தது. அதோடு ஜோக் சொல்வதை யாராவது நிறுத்தினாங்களா?

பெரியப்பா: ஜெயில் தப்புதான். ஆனால் கேட்கிறவர் மனசு? 2022 ஆஸ்கார் மேடையில் நடிகர் வில் ஸ்மித்தின் மனைவி தலையைப் பார்த்து காமெடியன் கிறிஸ் ராக் ஜோக் அடித்தார். அந்தம்மாவுக்கு முடி கொட்டும் நோய். ஸ்மித் மேடை ஏறி அறைந்துவிட்டார். பத்து வருஷம் ஆஸ்கார் பக்கமே வரக்கூடாது என்று தடை.

மணி மாமா: அறைந்தது சரி.

கார்த்தி: கவுண்டமணி செந்தில் தலையையும் வயிற்றையும் சொல்லிச் சொல்லி அடிப்பார். தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டிலே உடைகிற மாதிரி சிரித்தது யாருங்க?

மணி மாமா: அவர் நம்ம உடுமலைப் பக்கம்டா.

நிவேதா: நல்ல காரணம்!

செல்வி அத்தை: வீடியோவை முழுசாப் பார்த்துட்டேன் கண்ணு. ரெண்டு தடவை.

செல்வி அத்தை: பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறானே, அது அப்படியே நம்ம வீடு. ஹார்லிக்ஸை வைத்துவிட்டு உட்காருவதற்குள், "எங்க ஊரில் ஒருத்திக்கும் இப்படித்தான் வந்து..." என்று ஆரம்பிப்பாங்க. அப்புறம் நான்தான் அவங்களைத் தேற்றி, காப்பி கொடுத்து அனுப்பணும். விக் வைத்துக்கொண்டு சீருக்குப் போன இடத்தில் என்னை ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தாங்க. ஒரு கையில் தாம்பூலம், ஒரு கை தலையில். அதை நான் சொன்னால் ஒருத்தரும் சிரிப்பதில்லை, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீங்க. சொன்னவளுக்கே ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிடுகிறது.

செல்வி அத்தை: ஆனால் கார்த்தி, பக்கத்துப் படுக்கைப் பாட்டி வாந்தி எடுப்பதை நடித்துக் காட்டினான் பாரு, அது எனக்குப் பிடிக்கலை. அவன் நோயை அவன் எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணட்டும். அந்தப் பாட்டி என்ன பண்ணுச்சு?

கார்த்தி: அந்த இடத்தில் நானும் சிரித்தேன் அத்தை.

பெரியப்பா: சாப்ளின் 1940-ல் ஹிட்லரைக் கிண்டல் செய்து படம் எடுத்தார். வதை முகாம்களில் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன் என்று பின்னால் சுயசரிதையில் எழுதினார்.

நிவேதா: எடுத்தது நல்லதாப் போச்சு பெரியப்பா. அவர் சிரித்தது ஹிட்லரைப் பார்த்து. முகாமில் கிடந்தவங்களைப் பார்த்தா சிரித்தார்?

மணி மாமா: செல்வி, அந்த ஃபேன் கதையை என்கிட்டச் சொல்லவே இல்லையே.

செல்வி அத்தை: சொன்னேனுங்க. பாதியில் எழுந்து தென்னைக்குத் தண்ணி விடப் போயிட்டீங்க.

மணி மாமா: மோட்டார் ஓடிட்டிருந்துச்சு.